நிலா வாட்ச் இருந்த கட்டம்

— நிறுத்துங்க சர்வேயர். உங்க வாட்ச் பெட்டியில இருபத்திரெண்டாவது கட்டம் வரைக்கும் ஒழுங்கா வந்தது. இருபத்துமூணாவது கட்டத்துல உக்காந்திருக்கே, இது என்ன?

— எதைச் சொல்றீங்க செக்ரட்டரி சார்?

— கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. வெள்ளை டயல், ரப்பர் பட்டை. நொடி முள்ளைப் பாருங்க சார். வழுக்கிக்கிட்டா போகுது? தத்தித் தத்திப் போகுது!

— அது வந்து… ஐயையோ. இது எப்படி இதுக்குள்ள வந்தது?

— அதைத்தானே நான் கேக்கறேன். குவார்ட்ஸ்! செல் போட்ட வாட்ச்! ஞாயித்துக்கிழமை கண்காட்சி. நூலக மாடியில மேஜை போட்டாச்சு. உங்க பேரை அட்டையில எழுதியாச்சு. 'முப்பத்தாறு கடிகாரங்கள், அத்தனையும் ஸ்பிரிங்கில் ஓடுபவை, ஒன்றில்கூட செல் கிடையாது'ன்னு என் கையால எழுதினேன். இன்னைக்கு சரிபாத்துக் கையெழுத்துப் போட வந்தா, நட்ட நடுவுல இது உக்காந்து என்னைப் பாத்து இளிக்குது!

— சத்தியமா எனக்குத் தெரியாது சார். இங்க நிலா வாட்ச் இல்ல இருந்தது? மாசம், தேதி, கிழமை, நிலா எல்லாம் காட்டுமே, அது! அது எங்க? ஐயோ, திருடன் கிருடன் வந்திருப்பானோ?

— ஒண்ணை எடுத்துட்டுப் போயிட்டு, இடம் காலியா இருக்கக் கூடாதேன்னு இன்னொண்ணை வெச்சுட்டுப் போற திருடனை நான் பாத்ததில்ல.

— ஏம்மா! ஏம்மா, இங்க வா! இந்தப் பெட்டியை யாரு தொட்டது?

— நான்தான் தொட்டேன். எதுக்கு வீடு இடியற மாதிரி கத்தறீங்க? வாங்க அண்ணே. வந்து ரொம்ப நேரமாச்சா? காபி போடட்டுமா?

— காபி கிடக்கட்டும் தங்கச்சி. உங்க வீட்டுக்காரர் முகத்தைப் பாருங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறார். இந்தப் பெட்டியில இருந்த நிலா வாட்ச் எங்க?

— தையல் பெட்டியில இருக்கு. நூல்கண்டுக்கு அடியில. இவரோட கைக்குட்டையில சுத்தித்தான் வெச்சிருக்கேன், கீறல் விழாது.

— நூல்கண்டுக்கு அடியிலயா! கத்திரிக்கோலோடயா! அடியேய், அது என்ன வாட்சுன்னு தெரியுமா உனக்கு?

— உங்களைவிட நல்லாத் தெரியும்.

— சர்வேயர், நீங்க சும்மா இருங்க, நான் பேசறேன். தங்கச்சி, அப்ப இந்த… இந்தப் பொருளை இங்க வெச்சது யாரு?

— பொருள் இல்ல அண்ணே, வாட்ச். நான்தான் வாங்கினேன், நான்தான் வெச்சேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில திங்கக்கிழமை வாங்கினது. மூணு வருஷத்துக்கு அதைத் திரும்பிக்கூடப் பாக்க வேண்டாம்னு கடைக்காரர் சொன்னார்.

— சந்தோஷம். வாங்கினீங்கன்னா கையில கட்டிக்குங்க. யார் வேண்டாம்னா? கட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துங்க. இந்தப் பெட்டிக்குள்ள எதுக்கு வெச்சீங்க?

— வெக்கணும்னு தோணிச்சு, வெச்சேன்.

— நான் சொல்றேன் கேளுங்க தங்கச்சி. நம்ம சங்கம் சாதாரணச் சங்கம் இல்ல. இருபது வருஷமா ஒரு கொள்கையோட நடக்குது. விதி நாலு, உறுப்பினர் வீட்டுப் பெட்டியில செல் வாட்ச் இருக்கக் கூடாது. பரிசா வந்ததா இருந்தாலும் இருக்கக் கூடாது. விதின்னா விதி. போன வருஷம் பல் டாக்டர் பெட்டியில ஒண்ணைப் பாத்தேன். அவர் பையன் வெளிநாட்டுல இருந்து அனுப்பினதாம். அழுதார். நான் விட்டேனா? எடுத்து வெளிய வெச்சப்புறம்தான் அடுத்த வேலை.

— பாவம் அந்த டாக்டர்.

— என்ன பாவம்? செல் வாட்சுல உசுரு இருக்கா சொல்லுங்க. அது மிஷின். நம்ம வாட்ச் மனுஷன் கை பட்டாத்தான் ஓடும். ஒரு நாள் கை படலேன்னா நின்னுடும். அந்தக் கைக்கும் அந்த வாட்சுக்கும் ஒரு பந்தம். அதனாலதான் விதி ஏழு வெச்சிருக்கோம். அவங்கவங்க வாட்சுக்கு அவங்கவங்களே சாவி குடுக்கணும். இன்னொருத்தர் கையில குடுத்தா அவர் உறுப்பினரே கிடையாது. மருந்துக்கடைக்காரர் ஏன் இப்ப சங்கத்துல இல்ல? கடையில வேலை பாத்த பொண்ணை விட்டு சாவி குடுக்கச் சொன்னார். தெரிஞ்ச அன்னைக்கே பேரை அடிச்சேன்.

— அப்படியா! ஏங்க, இப்படி ஒரு விதி இருக்குன்னு நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே?

— அது வந்து… அதெல்லாம் சங்க விஷயம். நீ உள்ள போய்க் காபி போடு.

— போடலை. அண்ணே, அந்த ஏழாவது விதியை இன்னொரு தடவை சொல்லுங்க. நல்லாக் காதுல வாங்கிக்கறேன்.

— அவங்கவங்க வாட்சுக்கு அவங்கவங்களே சாவி குடுக்கணும்.

— அப்ப இந்தப் பெட்டி என்னோடது.

— என்ன?

— இந்த முப்பத்தாறுக்கும் பதினாறு வருஷமா சாவி குடுக்கறது நான்தான்.

— சர்வேயர்… தங்கச்சி என்ன சொல்றாங்க?

— அவ சும்மா விளையாடறா சார்.

— யாரு விளையாடறது? காலையில அஞ்சேகாலுக்கு எழுந்திருக்கறது யாரு? பல்லு வெளக்கின கையோட இந்தப் பெட்டி முன்னால உக்காந்து நாப்பது நிமிஷம் ஒவ்வொண்ணா எடுத்துத் திருகறது யாரு? இந்தக் கட்டை விரலைப் பாருங்க அண்ணே. தொட்டுப் பாருங்க. செருப்பு மாதிரி காய்ச்சுப் போயிருக்கா இல்லையா? துணி தைக்கறப்ப ஊசி குத்தினாக்கூட உறைக்கறதில்ல.

— இருங்க, இருங்க. இவர்தான் சங்கத்து மலர்ல கட்டுரையே எழுதியிருக்காரே! 'விடியலில் நாற்பது நிமிடம்'. எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். "உலகம் உறங்கும் வேளையில் நானும் என் கடிகாரங்களும் மட்டும் விழித்திருக்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் என் நாடித் துடிப்பை அவற்றுக்கு அளிக்கிறேன்." படிச்சிட்டு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— எனக்கும்தான் வரும், நல்லா. அந்த விடியல்ல இவரு எங்க இருப்பார் தெரியுமா? போர்வைக்குள்ள. நான் சாவி குடுக்கற சத்தம் கேட்டுத் தூக்கம் கலையுதுன்னு ஒரு தலையணையை எடுத்துக் காது மேல வெச்சுக்குவார். நாடித் துடிப்பை அளிக்கறாராம்! குறட்டையைத்தான் அளிச்சார்.

— ஏம்மா, வெளி ஆள் முன்னால…

— அண்ணன் என்ன வெளி ஆளா? மாசா மாசம் வந்து இந்த நாற்காலியில உக்காந்து எங்க வீட்டுக் காபி குடிக்கறவர்தானே?

— தங்கச்சி, கோபத்துல பேசாதீங்க. வீட்டுல ஏதோ சண்டை போலிருக்கு, அதை இதுல கொண்டு வந்து கலக்காதீங்க. சர்வேயரை எனக்குப் பன்னெண்டு வருஷமாத் தெரியும். நான் சொல்றேன் கேளுங்க. இதை ஒரு நிமிஷத்துல தீத்துடலாம். சர்வேயர், இந்தாங்க. நாலாவது கட்டத்துல இருக்கற கறுப்பு டயல். தண்ணிக்குள்ள முங்கறவங்க கட்டற வாட்ச். என் கண்ணு முன்னால இதுக்கு சாவி குடுங்க.

— இப்பவா?

— இப்பத்தான். தினமும் குடுக்கற கைதானே?

— அது வந்து சார்… காலையிலதான் குடுத்தேன். இப்பத் திரும்பக் குடுத்தா ஸ்பிரிங் தாங்காது.

— ரெண்டு சுத்து தாங்கும். குடுங்க.

— இதோ… இந்தக் குமிழைத்தானே… வெரல் வழுக்குது. இன்னைக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்கு. லேசா வெளிய இழுத்துட்டா…

— இழுக்காதீங்க! விடுங்க, விடுங்க! உடைச்சுத் தொலைக்காதீங்க! அது மரை போட்ட குமிழ். இழுத்தா வராது. இப்படிக் குடுங்க. முதல்ல கழட்டற பக்கமா நாலு சுத்து, அதுவா வெளிய எட்டிப் பாக்கும். அப்புறம் எதிர்ப் பக்கமா இருபது. இருபதுக்கு மேல கை கனக்கும், அதோட விட்டுடணும். கடைசியா அமுக்கிப் பிடிச்சு மரையில ஏத்தணும். ஏத்தாம விட்டா ஈரம் உள்ள போயிடும். இந்தாங்க அண்ணே, உங்களை வெச்சுக்கிட்டே நாலு சுத்து, பாத்தீங்களா, வந்துடுச்சு.

— சர்வேயர்.

— சார்…

— இதை நீங்க வாங்கி எத்தனை வருஷமாச்சு?

— ஒம்பது வருஷம் இருக்கும் சார்.

— ஒம்பது வருஷம். இதுல மரை இருக்கறது உங்களுக்குத் தெரியாது.

— படிச்சிருக்கேன் சார். புத்தகத்துல படம் போட்டிருந்தது…

— புத்தகத்துல! நாடித் துடிப்பு! என்னைக் கண்ணீர் விட வெச்சீங்களேய்யா! அந்தக் கட்டுரையை நான் நாலு பேருக்கு சத்தமாப் படிச்சுக் காட்டினேன். என் சம்சாரத்தை உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டினேன். 'கேட்டுக்கோ, ஒரு மனுஷன் எப்படி வாழ்றான் பாரு'ன்னு சொன்னேன். என் முப்பத்தெட்டு வாட்ச் இருக்கற பெட்டிக்கு முன்னால நின்னு உங்களை உதாரணமாச் சொன்னேன். போலி! முழுப் போலி!

— அண்ணே, அந்த வார்த்தை வேண்டாம்.

— இல்ல தங்கச்சி, உங்க நன்மைக்குத்தான் சொல்றேன். இவர் மனுஷனே இல்ல. கட்டின பொண்டாட்டியைப் பதினாறு வருஷம்…

— இவரைத் திட்டறதுன்னா அதுக்கு நான் இருக்கேன். நீங்க எதுக்கு? பேசாம உக்காருங்க. உங்களையும் சேத்துத்தான் இன்னைக்கு நான் கேள்வி கேக்கப் போறேன்.

— என்னையா? நான் என்ன பண்ணினேன்?

— சொல்றேன். முதல்ல இவர் கதை முடியட்டும். எப்படி ஆரம்பிச்சதுன்னு அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க.

— அது வந்து… அளவு எடுக்கப் போன இடத்துல ஒரு வரப்புல வழுக்கி விழுந்தேன் சார். வலது மணிக்கட்டு. ஒரு மாசம் மாவுக்கட்டு. அப்ப பதினோரு வாட்சுதான் இருந்தது. நின்னுடுமேன்னு இவகிட்ட…

— 'ஒரு மாசம் மட்டும் பாத்துக்கோம்மா'ன்னார். ஒரு மாசம்! மாவுக்கட்டுப் பிரிச்சுப் பதினாறு வருஷம் ஆகுது, வாட்ச் இன்னும் என் கையிலயே இருக்கு. பதினொண்ணு முப்பத்தாறாச்சு. ஒவ்வொண்ணு வீட்டுக்குள்ள வரும்போதும் இவருக்கு சந்தோஷம், எனக்கு ஒரு நிமிஷம் போச்சு. புதுசா வந்தா ஊரைக் கூட்டிக் காட்டுவார். மறுநாள் காலையில அதோட குணம் என்னன்னு நான்தான் கண்டுபிடிக்கணும். இது பதினெட்டு சுத்து, இது இருபத்தஞ்சு. இந்தக் குண்டு வாட்சுக்குப் பாதியில ஒரு இடத்துல மாட்டும், மாட்டினா பயப்படக் கூடாது, மெல்ல ஒரு தடவை பின்னால விட்டுட்டுத் திரும்பத் திருகணும். எந்தப் புத்தகத்துல படம் போட்டிருக்கு அதுக்கு?

— அதுல அஞ்சு தானா ஓடறது சார். அதுக்கு சாவி வேண்டாம். அதை இவ சொல்ல மாட்டேங்கறா.

— தானா ஓடுதா! தானா! கேட்டுக்கோங்க அண்ணே இந்த நியாயத்தை! அது தானா ஓடணும்னா யாராவது அதைக் கட்டிக்கிட்டுக் கையை ஆட்டணும். ஆடற கை யாரோடது? இவர் ஆபீஸ்ல மேஜை மேல கையை ஊனிக்கிட்டு உக்காந்திருப்பார். வீடு பெருக்கறப்ப நான்தான் இந்தக் கையில ரெண்டு, அந்தக் கையில மூணு கட்டிக்கிட்டுப் பெருக்கறேன். போன மாசம் கீழ் வீட்டம்மா ஏதோ கேக்க வந்தாங்க. துடைப்பமும் கையுமா, முழங்கை வரைக்கும் வாட்ச் கட்டிக்கிட்டு நிக்கறேன். மேலயும் கீழயும் பாத்துட்டு ஒண்ணும் கேக்காமத் திரும்பிப் போயிட்டாங்க. அன்னையிலேர்ந்து என்னைப் பாத்தா ஒரு மாதிரி சிரிக்கறாங்க.

— முழங்கை வரைக்குமா…

— சிரிக்காதீங்க அண்ணே. இது சிரிக்கற விஷயம் இல்ல.

— நான் சிரிக்கலை தங்கச்சி.

— நிலா வாட்சை ஏன் எடுத்தேன்னு கேட்டீங்கள்ல? அதைக் கேளுங்க இப்ப. ஆறு வருஷத்துக்கு முன்னால எங்க அக்காவுக்கு முட்டி ஆப்பரேஷன். வலது முட்டி. அவளுக்குன்னு வேற யாரு இருக்கா? மாமா போனப்புறம் தனி ஆளு. 'நீ கூட இருடி, எனக்கு பயமா இருக்கு'ன்னா. நாலு நாள் இருக்கேன்னு சொல்லிட்டுப் போனேன். கிளம்பறதுக்கு முன்னாலயே இவர்கிட்ட ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்தேன், இதை இப்படித் திருகுங்க, அதை அப்படித் திருகுங்கன்னு. தலையைத் தலையை ஆட்டினார். மறுநாள் மத்தியானம் போன் பண்றார். என்ன சொன்னீங்க? அண்ணன் முன்னால சொல்லுங்க.

— அதெல்லாம் எதுக்கு இப்ப…

— சொல்லுங்க!

— நிலா வாட்ச் மெதுவா ஓடுதுன்னு சொன்னேன். ராத்திரிக்குள்ள நின்னுடும், நீ வந்தாத் தேவலைன்னு.

— நின்னா என்ன ஆகும்னு சொன்னீங்க?

— நின்னா மறுபடியும் மாசம், தேதி, கிழமை, நிலா நாலையும் குண்டூசியால குத்திக் குத்தி சரி பண்ணணும். தப்பாக் குத்தினா உள்ள பல்லு உடைஞ்சுடும். எனக்கு பயமா இருந்தது.

— இவருக்கு பயமா இருந்ததாம். அதே நேரத்துல அங்க ஒருத்தி, காலை அறுக்கப் போறாங்கன்னு பயந்துக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா அண்ணே? இவர் குரலைக் கேட்டதும் எனக்கும் பதறிப் போச்சு. பத்து வருஷம் கை பழகின பழக்கம். அய்யய்யோ நின்னுடுமேன்னு எனக்கே தோணிச்சு. அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை. சாயந்திர பஸ் ஏறி வந்துட்டேன். மறுநாள் காலையில ஆப்பரேஷன். கண்ணு முழிச்சதும் அக்கா முதல்ல என்னைத்தான் கேட்டிருக்கா. நர்ஸ் சொன்னாளாம், 'உங்க தங்கச்சி போயிட்டாங்களே, வீட்டுல ஏதோ அவசரமாம்'னு. என்ன அவசரம்? நிலா! டயல்ல வரைஞ்ச நிலா!

— தங்கச்சி…

— இன்னைக்கு வரைக்கும் அவ ஒரு வார்த்தை கோவிச்சுக்கிட்டதில்ல. போன் பேசி முடிக்கறப்ப மட்டும் சொல்லுவா, 'சரிடி, நீ போய் உன் வாட்சைப் பாரு'ன்னு. ஆறு வருஷமா ஒவ்வொரு போன்லயும். என் வாட்சாம்! இதுல எது என்னோடது? ஒண்ணு சொல்லுங்க பாப்போம். ஒண்ணு.

— நீ எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே…

— கேட்டீங்களா? திரும்பி வந்ததும் கதவைத் தொறந்துட்டு என்ன கேட்டீங்க? 'முதல்ல நிலாவைப் பாரு'ன்னீங்க. செருப்பைக்கூடக் கழட்டலை நான்.

— அப்ப எனக்கு அந்த பயம்தான் பெருசா இருந்தது.

— இப்ப அக்காவுக்கு இடது முட்டி. வெள்ளிக்கிழமை சேக்கறாங்க. நான் நாளைக்குக் கிளம்பறேன். பத்து நாள். பத்து நாள் முழுசா. கண்ணு முழிக்கறப்ப எதிர்ல நான் நிப்பேன். யாரு போன் பண்ணினாலும் எடுக்க மாட்டேன். இதெல்லாம் நிக்கும். ஒண்ணொண்ணா நிக்கும், முப்பத்தஞ்சும் நிக்கும். நிக்கட்டும். நான் திரும்பி வந்து பெட்டியைத் தொறக்கறப்ப ஒண்ணாவது ஓடிக்கிட்டு இருக்கணும். எங்கிட்ட ஒண்ணுமே கேக்காத வாட்ச் ஒண்ணு அதுக்குள்ள இருக்கணும். அதான் வாங்கினேன். அதான் அந்தக் கட்டத்துலயே வெச்சேன்.

— புரியுது தங்கச்சி. நான் கல்லு இல்ல, எனக்கும் மனசு இருக்கு. நான் சொல்றேன் கேளுங்க. இதுக்கு ஒரு வழி இருக்கு. விதி ஏழுபடி பாத்தா நீங்க சொன்னதுதான் சரி. யார் சாவி குடுக்கறாங்களோ அவங்க பெட்டி. அட்டையில சர்வேயர் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடறேன். சங்கத்துல முதல் பெண் உறுப்பினர்! மேடையில கூப்பிட்டு சால்வை போடறோம். ஆனா அந்தக் குவார்ட்ஸை மட்டும் எடுத்துடுங்க. நிலாவை நிலா இருந்த இடத்துல வெச்சுடுங்க. விதின்னா விதி.

— சால்வையா?

— நல்ல சால்வை.

— பதினாறு வருஷம் பண்ணின வேலைக்கு சால்வை போடுவீங்க. அப்புறம் அதே வேலையை என் பேர்ல இன்னும் பதினாறு வருஷம் பண்ணணும். விதிப்படி! நல்லா இருக்கே அண்ணே உங்க நியாயம்! இதைத்தான் சொன்னேன், உங்களையும் சேத்துக் கேக்கணும்னு. வாட்சுக்கும் கைக்கும் பந்தம்னு விதி எழுதினீங்களே, யாரோட கைன்னு ஒரு வீட்டுலயாவது போய்க் கேட்டீங்களா? இருபது வருஷமா டயலைப் பாத்தீங்க, முள்ளைப் பாத்தீங்க, லென்ஸ் வெச்சுக்கிட்டு ஸ்குரூ தலையைப் பாத்தீங்க. ஒரு தடவை, ஒரே தடவை, காபி குடுத்த கட்டை விரலைப் பாத்தீங்களா?

— அது… மத்த வீட்டைப் பத்தி நீங்க எப்படிச் சொல்லலாம்? எல்லாரும் சர்வேயர் மாதிரி கிடையாது. அவங்கவங்க…

— எனக்கு உங்க அட்டை வேண்டாம். உறுப்பினர் வேண்டாம். சால்வை வேண்டவே வேண்டாம். எனக்கு ஒரு கட்டம் வேணும். முப்பத்தாறுல ஒண்ணு. அது அங்கதான் இருக்கும்.

— அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன். சர்வேயர், ஏன் வாயை மூடிக்கிட்டு நிக்கறீங்க? உங்க பெட்டி, உங்க மானம். சொல்லுங்க. இது உள்ளயா, வெளியயா?

— சார்… அது உள்ளயே இருக்கட்டும்.

— என்ன?

— உள்ளயே இருக்கட்டும். என் பேரை அடிச்சுடுங்க. கண்காட்சிக்கு என் பெட்டி வராது. இப்பத்தான் சார் எண்ணிப் பாத்தேன், நாப்பது நிமிஷம், பதினாறு வருஷம். நான் ஒரு தடவைகூட எழுந்து ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து பக்கத்துல வெச்சதில்ல.

— இப்ப சொல்றீங்க! இப்ப! பதினாறு வருஷம் தலையணையைக் காதுல வெச்சிருந்துட்டு, பஸ்சுக்கு முதல் நாள் சொல்றீங்க!

— நீ திட்டு. தப்பில்ல. ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா? ஒவ்வொண்ணுக்கும் எத்தனை சுத்து, எந்தப் பக்கம்னு ஒரு தாள்ல எழுதி வெச்சுட்டுப் போறியா? நான் எழுந்திருக்கறேன். அஞ்சேகாலுக்கு.

— எழுத மாட்டேன். எனக்கு யாரும் எழுதிக் குடுக்கலை. ஒவ்வொண்ணா எடுத்து, கை கனக்கற வரைக்கும் திருகிப் பாருங்க. உடைஞ்சா உடையட்டும்.

— உடைஞ்சா உடையட்டுமா! முப்பத்தஞ்சு வாட்ச்! ரெண்டு பேருக்கும் புத்தி கலங்கிடுச்சு! இல்ல, இதை நான் இப்படியே விடறதா இல்ல. இன்னைக்கு ஒரு வீட்டுல குவார்ட்ஸை விட்டேன்னா நாளைக்கு எல்லா வீட்டுலயும் புகுந்துடும். அவசரக் கூட்டம் போடறேன். ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் இன்னைக்கே போன் போடறேன். சாவி யார் குடுக்கறான்னு ஒவ்வொருத்தரையும் நிக்க வெச்சுக் கேக்கறேன். சர்வேயர், நீங்க என் முகத்துல முழிக்காதீங்க.

— போடுங்க அண்ணே. இங்க இருந்தே போடுங்க. எனக்கும் கேக்கணும்போல இருக்கு.

— போடத்தான் போறேன். முதல்ல எங்க வீட்டுக்கு. விதிப் புத்தகம் அங்கதான் இருக்கு. கூட்டம் போட எத்தனை நாள் முன்னால சொல்லணும்னு பாக்கணும்… ஹலோ. ஆமா, நான்தான். அலமாரியில பச்சை அட்டை நோட்டு இருக்கு பாரு, அதை எடு. கைவேலையா இருக்கியா? என்ன கைவேலை, பத்து மணிக்கு? பெட்டி முன்னாலயா? எதுக்கு இந்நேரத்துல பெட்டி முன்னால உக்காந்திருக்கே? காலையிலயே சாவி எல்லாம் குடுத்து முடிச்சிருப்பியே… இல்ல, ஒண்ணுமில்ல, இங்க யாரும் கேக்கலை. மெதுவாப் பேசு… யாரு? ஆமா, நான் சர்வேயர் வீட்டுலதான் இருக்கேன். எதுக்கு அவங்க? திங்கக்கிழமை எங்க போனீங்க? ரெண்டு பேருமா? எத்தனை வாங்கினீங்க?… இரு. இரு, குடுக்கறேன்… இந்தாங்க தங்கச்சி, எங்க வீட்டுல இருந்து உங்ககிட்டப் பேசணுமாம். என் பெட்டியில இருந்து எந்த வாட்சை வெளிய எடுத்தான்னு எனக்குச் சொல்ல மாட்டேங்கறா. அந்தக் கட்டத்துல அவ வாங்கின செல் வாட்ச் சரியா உக்காராம சரியுதாம், அடியில துணி மடிச்சு வெக்கணுமான்னு கேக்கறா.